சக்கரம் சுழற்றாத காவிரி
காவிரிக்கரைத் தொழில்களின் கதை – 17

1086ஆம் ஆண்டில் இரண்டு நாடுகளில் நில அளவை நடந்தது. ஒன்று இங்கிலாந்து. நார்மண்டியிலிருந்து வந்து அந்த நாட்டைப் பிடித்த வில்லியம் மன்னன், எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாடு என்று எழுதி வர ஆள் அனுப்பினான். மற்றொன்று நம் சோழநாடு. முதலாம் குலோத்துங்கன் அதே ஆண்டில் நாட்டை அளக்கச் சொன்னான். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிராத இரண்டு அரசர்கள் ஒரே நேரத்தில் ஒரே வேலையில் இறங்கியதை வரலாற்றாசிரியர்கள் வியப்போடு சுட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்துக் கணக்கில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. தானியம் அரைக்கும் ஆலைகள். ஏறக்குறைய எல்லாமே ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் நின்று, ஓடும் தண்ணீரால் சுழன்றவை. காற்றாலை அந்த நாட்டுக்கு வந்து சேர இன்னும் நூறு ஆண்டு பாக்கி இருந்தது. ஊருக்கு ஓர் ஆலை, ஆலைக்கு ஒரு வரி, அந்த வரி பிரபுவுக்கு என்பது அங்கே நடைமுறை.

சோழர் கணக்கில் வேலி இருக்கிறது, மா இருக்கிறது, முந்திரி, கீழ்முந்திரி என்று கண்ணுக்குத் தெரியாத பின்னம் வரை நிலம் அளந்த நுட்பம் இருக்கிறது. வரிகளில் செக்கிறை உண்டு, தறியிறை உண்டு. எண்ணெய்ச் செக்கையும் நெசவுத் தறியையும் விட்டுவைக்காத அதிகாரிகள், காவிரியிலோ அதன் கிளைகளிலோ தண்ணீரால் ஓடும் நெல் ஆலை ஒன்று இருந்திருந்தால் அதை விட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வரியைக் காணோம். மேலே குடகிலிருந்து கீழே பூம்புகார் வரை இவ்வளவு தண்ணீர் ஓடிய ஆறு, அதன் கரையில் இவ்வளவு நெல் விளைந்த நாடு, ஆனால் ஆறு சுழற்றிய ஆலை இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் இந்த இதழின் விஷயம். பதிலைத் தேடிப் போனால் மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு, தாமிரபரணிக்கரைப் பாபநாசம், சிவசமுத்திரம், மேட்டூர் என்று ஒரு சுற்று வர வேண்டியிருக்கிறது.

நீராலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. சக்கரத்தின் விளிம்பில் பலகைகள். அவற்றின் மேல் தண்ணீர் விழுந்தாலோ மோதினாலோ சக்கரம் சுற்றும். சக்கரத்தின் அச்சோடு பற்சக்கரத்தை இணைத்தால் மேலே கல் சுற்றும். ரோம நாட்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பே இதை விளக்கி எழுதிவிட்டார். தென் பிரான்சில் பார்பெகால் என்ற இடத்தில் மலைச்சரிவில் படிப்படியாகப் பதினாறு சக்கரங்களை வைத்து ரோமர்கள் மாவு அரைத்தார்கள். நம் நாட்டிலும் இமயமலை ஊர்களில் கராட் என்ற சிறு நீராலைகள் இன்றும் ஓடுகின்றன. ஔரங்காபாத்தில் பாபா ஷா முசாஃபிர் தர்காவுக்கு வரும் யாத்திரிகர்களுக்கு மாவு அரைக்க, மலையிலிருந்து மண்குழாய் வழியே நீரைக் கொண்டுவந்து 18ஆம் நூற்றாண்டில் அமைத்த பஞ்சக்கியை இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

அதெல்லாம் கோதுமை நாடு, நமக்கு நெல், அதனால்தான் இங்கே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. நெல்லை அரைப்பதில்லை, குத்துகிறோம், சக்கரம் எப்படிக் குத்தும் என்பது அவர்கள் வாதம். இது நிற்காது. சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீரைக் கொண்டு உலக்கையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சக்கரத்தின் அச்சில் கட்டைகளைச் செருகி, அச்சு சுற்றும்போது அந்தக் கட்டை உலக்கைக் காலின் பின்முனையை அழுத்தி விடும்படி வைத்தார்கள். கட்டை நழுவியதும் உலக்கை உரலில் விழும். ஒரு சக்கரத்துக்கு நாலைந்து உலக்கைகூட வைக்கலாம். ஹான் அரச மரபுக் காலத்து எழுத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நெல்லுண்ணும் நாடுதான் சீனமும். ஆக, காரணத்தை நெல்லில் தேடிப் பயனில்லை. நிலத்தில் தேட வேண்டும்.

நீராலைக்கு வேண்டியது வெறும் தண்ணீர் அல்ல, விழும் தண்ணீர். வினாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கும் விசை 9.8 கிலோவாட், அதாவது சுமார் 13 குதிரைச் சக்தி. மயிலாடுதுறை கடல் மட்டத்திலிருந்து சுமார் பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்காத ஆறு இது. ஒரு மீட்டர் வீழ்ச்சி வேண்டுமென்றால் ஆற்றை மறித்து ஒரு மீட்டர் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் மேலே எதுக்களிக்கும். அந்த இடைவெளிக்குள் எத்தனை வாய்க்கால் தலைப்புகள், எத்தனை மதகுகள்! மேலே உள்ள ஊரில் வயல் மூழ்கும், கீழே உள்ள ஊரில் நாற்று காயும். முறை வைத்து நாழிகைக் கணக்கில் தண்ணீர் பிரித்துக்கொண்ட ஊர்கள் இவை. மடையை யார் திறந்தது என்பதற்கே வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. அங்கே ஒருவர் தன் ஆலைக்காக ஆற்றை மறித்திருந்தால் ஊர் சும்மா இருந்திருக்காது.

காலமும் பொருந்தவில்லை. பெரிய அறுவடை சம்பா. தை, மாசியில் களத்துக்கு நெல் வருகிறது. ஆற்றில் தண்ணீர் வற்றுவதும் அப்போதுதான். மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கமாயிற்று. அணைக்கு முன்னாலும் மாசியிலிருந்து வைகாசி வரை காவிரி மணல்தான். பத்தாயம் நிரம்பியிருக்கும் மாதங்களில் சக்கரம் நின்றிருக்கும். வயலுக்கு ஒவ்வொரு சொட்டும் வேண்டிய மாதங்களில் சக்கரம் சுற்றத் தயாராக இருந்திருக்கும்.

இந்த நாடு ஆற்றின் நீரை எடுத்துக்கொண்டது, ஆற்றின் விசையை விட்டுவிட்டது. கரிகாலன் பெயரோடு நிற்கும் கல்லணை முதல், ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை வரை எல்லா வேலையும் தண்ணீரைத் திருப்புவதற்கும் பிரிப்பதற்கும்தான். கீழணையிலிருந்து பிரியும் தெற்கு ராஜன் வாய்க்கால் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தின் வடபகுதி வயல்களுக்குப் பாய்கிறது. இது புத்திசாலித்தனமான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருந்தது. ஆறு செய்யாத வேலையை யாராவது செய்தாக வேண்டும். செய்தவர்கள் பெண்கள்.

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டு வருகிறது. புகார் நகரத்துப் பெண்கள் காஞ்சி மர நிழலில் கரும்பை உலக்கையாகக் கொண்டு முத்தைக் குத்துவதாக இளங்கோ பாடுகிறார். கற்பனைதான், ஆனால் கற்பனைக்கு அடியில் இருப்பது அன்றாட வேலை. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணமும் பெண்கள் உரலில் இடிக்கும் பாட்டு. இலக்கியத்தில் இவ்வளவு இனிமையாக ஒலிக்கும் இந்த வேலை உண்மையில் என்ன?

நெல்லை ஊற வைக்க வேண்டும். அவிக்க வேண்டும். களத்திலோ வாசலிலோ பரப்பி, கோழி கொத்தாமல், மழை நனைக்காமல், காலால் துழாவித் துழாவிக் காய வைக்க வேண்டும். பதம் பார்ப்பதில்தான் கைத்திறன். அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கும், ஈரம் இருந்தால் உமி விடாது. அதன்பின் உரல். அதன்மேல் நெல் சிதறாமல் ஒரு குந்தாணி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். உலக்கையின் அடியில் இரும்புப் பூண். முதல் குத்தில் உமி கழலும். முறத்தில் அள்ளிப் புடைத்து உமியைப் போக்கி, மறுபடி உரலில் போட்டுத் தீட்ட வேண்டும். தவிடு தனி, நொய் தனி, அரிசி தனி. இது நாள்தோறும், விடியற்காலையில், வீட்டின் மற்ற வேலைகள் தொடங்குவதற்கு முன். நெல்லாக இருக்கும்வரை பத்தாயத்தில் கெடாது, அரிசியாக்கிவிட்டால் வண்டு வரும். ஆகவே ஒரேயடியாகக் குத்தி வைத்துக்கொள்ளும் வழியும் இல்லை.

மிராசுதார் வீடுகளில் இந்த வேலைக்குக் கூலிப் பெண்கள் வருவார்கள். கூலி பெரும்பாலும் அரிசி, நொய், தவிடு. அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத மாதங்களில் நிலமற்ற குடும்பங்களின் அடுப்பு எரிந்தது இந்தக் குத்துக்கூலியால்தான்.

சோழர் கல்வெட்டுகளில் இதன் கணக்கு இருக்கிறது. கோயில் திருவமுதுக்கு இவ்வளவு அரிசி வேண்டும், அதற்கு இவ்வளவு நெல் என்று எழுதும்போது ஐஞ்சிரண்டு என்ற வீதத்தைச் சொல்கிறார்கள். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. நான்கு நாழி அரிசி வேண்டுமென்றால் பத்து நாழி நெல், அதாவது குறுணி இருநாழி. அளவையில் நெல்லுக்குப் பாதி அரிசி காண்பது வீட்டுக் கணக்கு. மீதியில் சேதாரமும் குத்துகிறவர்களின் கூலியும் அடங்கியிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லில் அரசன் பெயர் இருக்கிறது, தளபதிகள் பெயர் இருக்கிறது, நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கூட இருக்கிறது. அந்தக் கோயிலின் நைவேத்தியத்துக்கு நெல் குத்திய கைகள் ஒரு பின்னமாக மட்டும் இருக்கின்றன.

இந்தச் சமவெளியில் ஐரோப்பிய முறையில் ஓர் ஆலை வைக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. நெல்லுக்காக அல்ல, காகிதத்துக்காக. இடம், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தின் பொறையாறு.

தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டை கட்டினார்கள். 1706இல் அங்கே வந்திறங்கினார் கிறிஸ்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு. அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்துநான்கு வயது. தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகள் சேர்த்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அதை அச்சிட வேண்டும். லண்டனிலிருந்து 1711இல் அனுப்பப்பட்ட அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் ரியோ டி ஜெனிரோவில் பிடித்துவிட்டார்கள். கப்பல் மீண்டது, ஆனால் இயந்திரத்தோடு வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். 1712இல் இயந்திரம் தரங்கம்பாடி சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

அச்சாளர் அட்லர் பொறையாற்றில் ஓர் எழுத்து வார்ப்புப் பட்டறை வைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கி எழுத்தாக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறியது. காகிதச் சிக்கலைத் தீர்க்க அதே காலத்தில் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அந்த இடத்துக்கு நின்றுவிட்டது.

அன்றைய ஐரோப்பாவில் காகித ஆலை என்றால் நீராலைதான். கந்தல் துணியை ஊற வைத்து, அழுக வைத்து, கூழாகும் வரை இடிக்க வேண்டும். ஜெர்மனியில் நூரம்பர்க் நகருக்கு வெளியே 1390இல் உல்மன் ஸ்ட்ரோமர் தொடங்கிய முதல் காகித ஆலையிலிருந்து, பெக்னிட்ஸ் போன்ற ஆறுகளின் வீழ்ச்சியே கந்தலை இடிக்கும் சம்மட்டிகளைத் தூக்கிப் போட்டது. இரவும் பகலும் சம்பளம் கேட்காமல் இடித்தது ஆறு. பொறையாற்றுக்கு அருகே ஓடும் நண்டலாறு கடலை நெருங்கி விரிந்து கிடக்கும் ஆறு. அங்கே வீழ்ச்சி ஏது? தரங்கம்பாடி அச்சகம் அதன்பின்னும் ஐரோப்பியக் காகிதத்தையே நம்பி நடந்தது. ஆலை நிலைக்கவில்லை. தமிழ் அச்சுக்குத் தொட்டில் கட்டிய பொறையாறு, தமிழ்க் காகிதத்துக்கு ஊராகும் வாய்ப்பு இப்படி நழுவிப்போனது. அச்சகத்தின் கதையை நாம் கொண்டாடுகிறோம், காகித ஆலையின் கதையை யாரும் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் ஆறு சுழற்றிய பெரிய ஆலையைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே போக வேண்டும். மயிலாடுதுறையில் செங்கோட்டை ரயிலில் ஏறித் தென்காசியில் இறங்கி, அங்கிருந்து அம்பாசமுத்திரம் வழியாக விக்கிரமசிங்கபுரம், அதை ஒட்டிய பாபநாசம். பொதிகை மலையிலிருந்து தாமிரபரணி சமவெளியில் கால் வைக்கும் இடம் அது. பாபநாசநாதர் கோயில் வாசலில் படித்துறை, மேலே அகத்தியர் அருவி. உயரம் சுமார் 80 அடிதான். ஆனால் நெல்லைச் சீமையின் மற்ற எந்த அருவியிலும் இவ்வளவு தண்ணீர் விழுவதில்லை.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880களில் இந்த வீழ்ச்சியைக் கண்டு இங்கே நூற்பாலை தொடங்கினார்கள். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி. தூத்துக்குடியில் துறைமுகம். நிலக்கரியோ தொலைவிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். ஆற்றின் வீழ்ச்சி இலவசம். கால்வாய் வெட்டி மேலே நீரை எடுத்து, குழாயில் இறக்கி, சுழலிகளைச் சுற்றவிட்டு, கீழே ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். வயலுக்குப் போகும் தண்ணீர் குறையவில்லை, அதன் விசை மட்டும் ஆலைக்குப் போயிற்று. டெல்டாவில் சாத்தியப்படாதது மலையடிவாரத்தில் சாத்தியமான காரணம் இதுதான். முதல் அணைக்கட்டுக்கு மேலே, பாசனம் தொடங்கும் முன்பே வீழ்ச்சி கிடைத்துவிட்டது.

அங்கே ஊன்றிய ஹார்வி நிறுவனம் அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில்லையும் மதுரையில் மதுரா மில்லையும் எழுப்பியது. கோரல் மில் தொழிலாளர்களின் 1908ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் அதற்குத் துணை நின்ற வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் சிறைவாசமும் தமிழர் அனைவரும் அறிந்தவை. அந்த ஆலைப் பேரரசின் முதல் சக்கரத்தைச் சுழற்றியது தாமிரபரணி என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. அதே பாபநாசத்தில் 1944இல் அரசின் நீர்மின் நிலையம் வந்தது.

காவிரியின் விசையும் மலையில்தான் கிடைத்தது. மைசூர் அரசு சிவசமுத்திரம் அருவியில் 1902ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. அந்தத் திட்டத்தை முன்னின்று தொடங்கியவர் திவான் சேஷாத்ரி ஐயர், அமைத்தவர் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அந்த மின்சாரத்தைக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் 1905இல் விளக்கு எரிந்தது. காவிரியின் விசை இப்படித் தமிழனும் தெலுங்கனும் கன்னடனும் பூமிக்கடியில் இறங்கிய சுரங்கத்துக்கு முதலில் போனது.

சமவெளிக்கு வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டு. 1924ஆம் ஆண்டு மைசூரும் சென்னையும் ஒப்பந்தம் செய்துகொண்டபின் மேட்டூர் அணை வேலை முழுவீச்சில் நடந்தது. 1934 ஆகஸ்ட் 21இல் ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. இந்த எண்களைத் தஞ்சை மண்ணில் விவசாயி வீட்டுக் குழந்தையும் சொல்லும். அணையை ஒட்டிய மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. அங்கே நடந்தது பாபநாசத்தில் நடந்ததன் பெருவடிவம். பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரே முதலில் சுழலியைச் சுற்றிவிட்டு அப்புறம் ஆற்றில் இறங்குகிறது. விசை கம்பி வழியாகத் திருச்சி, தஞ்சை, நாகை என்று ஒரு பாதையில் வந்தது. தண்ணீர் கல்லணை வழியாகத் தன் பழைய பாதையில் பல நாள் நடந்து வந்தது. இரண்டும் மறுபடி சந்தித்த இடம் நம் ஊர் அரிசி மில்.

மின்சாரத்துக்கு முன்பே மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், மில்கள் உண்டு. 1877இல் மாயவரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. 1894இல் ஜில்லா போர்டு ரயில் முத்துப்பேட்டை வரை போனது. 1926இல் தரங்கம்பாடிக்கு ஒரு கிளை. ரயிலடியை ஒட்டி நெல் மண்டிகளும் மில்களும் எழுந்தன. இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த நம் மக்கள் உண்ட புழுங்கல் அரிசியில் பெரும்பங்கு இந்தச் சீமையிலிருந்து கப்பலேறியது. நீராவி இயந்திரமும் எண்ணெய் எஞ்சினும் ஓட்டிய மில்கள் 1920களிலும் 1930களிலும் பெருகின. பிரேசில் நாட்டில் 1885இல் எங்கல்பர்க் என்பவர் கண்டுபிடித்த ஹல்லர் என்ற இரும்பு உருளை, கடல் கடந்து நம் ஊர்த் தெருமுனைக்கு வந்தது. காபிக்கொட்டைத் தோல் உரிக்கப் பிறந்த கருவி, பத்து உலக்கைகளின் வேலையைத் தனியாகச் செய்தது. மேட்டூர் மின்சாரம் வந்ததும் எஞ்சினும் பாய்லரும் இல்லாமலே சின்ன ஊரிலும் மில் வைக்கலாம் என்றாயிற்று.

பழைய மில் ஒன்றுக்குள் நின்றவர்களுக்கு அதன் கூரையை நெடுக ஓடும் இரும்புத் தண்டு நினைவிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு ஹல்லருக்கும் இறங்கும் தோல் பெல்ட்டுகள். வெளியே ஊறல் தொட்டிகள், மூன்றாம் நாள் எழும் புளித்த வாடை, உமியையே விறகாக்கி எரியும் அடுப்பு, நெல் ஆவி, பெரிய சிமெண்டுக் களம். களத்தில் வரிசையாகக் காலால் நெல்லைத் துழாவிச் செல்லும் பெண்கள். குத்தும் வேலை இயந்திரத்துக்குப் போயிற்று, வெயிலில் நடக்கும் வேலை அவர்களிடமே நின்றது.

குத்துக்கூலி போனதைப் பற்றிக் குரல் எழுப்பியவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூரில் பிறந்தவர். ஜே. சி. குமரப்பா, பிறப்பு 1892 ஜனவரி 4. லண்டனில் கணக்காளர் படிப்பும் அமெரிக்காவில் பொருளியலும் படித்துவிட்டுக் காந்தியிடம் வந்தார். 1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளரானார். மேட்டூர் அணை திறந்த அதே ஆண்டு. சங்கம் முதலில் கையிலெடுத்த தொழில்களில் ஒன்று கைக்குத்தல் அரிசி. நெல் குத்தும் கூலி ஊரிலுள்ள ஏழைப் பெண்களிடையே பரவுகிறது, மில்லோ அதைத் திரட்டி ஒரு கையில் வைக்கிறது என்பது காந்தியும் குமரப்பாவும் எடுத்து வைத்த வாதம்.

உடல்நலமும் அதில் சேர்ந்திருந்தது. டச்சு மருத்துவர் எய்க்மன் 1890களில் படேவியாவில், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் துவள்வதையும், தவிடு சேர்த்ததும் தேறுவதையும் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். ஆந்திரக் கடற்கரையில் மில்லில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது. தஞ்சைப் பக்கம் அந்த அளவுக்குப் பரவவில்லை. இங்கே நெல்லை அவித்துக் குத்தும் வழக்கம் இருந்தது. அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இயந்திரம் வந்தபின்னும் புழுங்கலை விடாத நம் பாட்டிமார்கள் மாவட்டத்தையே ஒரு நோயிலிருந்து காத்தார்கள். இதைப் பள்ளிப் பாடத்தில் எழுத வேண்டும்.

விடுதலைக்குப் பின் கைக்குத்தலைக் காக்கவென்றே 1958இல் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிமமின்றி மில் வைக்கக்கூடாது, உரிமம் தருமுன் அந்தப் பகுதியில் குத்துவோரின் பிழைப்பைக் கருத வேண்டும். சட்டம் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. நடைமுறையில் உலக்கை தோற்றது. அதைத் தோற்கடித்தவர்களில் பெண்களும் உண்டு, அதில் தவறேதும் இல்லை. விடியுமுன் எழுந்து கை காய்க்கக் குத்தியவளுக்கு, தெருமுனை மில்லில் அரைத்து வாங்குவது விடுதலையாகத்தான் இருந்தது. கூலிக்குக் குத்தியவளுக்கோ அதே மில் வேலைநீக்கம். ஒரே இயந்திரம் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக நுழைந்தது. கைக்குத்தல் காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் முதல் பெண்ணை மறக்கிறார்கள், வளர்ச்சி பேசுகிறவர்கள் இரண்டாம் பெண்ணை மறக்கிறார்கள்.

அப்புறம் ஹல்லரும் பழையதாயிற்று. அதில் அரிசி நொறுங்குகிறது, தவிடும் உமியும் கலந்துவிடுகின்றன. ரப்பர் உருளையில் உமி நீக்கும் நவீன மில்கள் 1960களில் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தன. நூறு கிலோ நெல்லுக்கு 67, 68 கிலோ அரிசி என்பது இன்றைய அரசுக் கொள்முதல் அளவுகோல். 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியாகக் களத்து நெல்லை வாங்குகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 1997இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றில் வைக்க வேண்டியவை பஞ்சலோகச் சிலைகளும் டேனிய நாணயங்களும் மட்டுமல்ல. ஊர் ஊராகப் பழைய அரிசி மில்களின் புகைபோக்கிகள் இடிந்து, களங்கள் மனைகளாகின்றன. ஹல்லர்கள் எடைக்குப் போகின்றன. பெல்ட் ஓடிய இரும்புத் தண்டும், 1940களின் மின் இணைப்புத் தாள்களும், அரவைக் கூலி எழுதிய பேரேடுகளும் பரணில் கிடக்கின்றன. மில் வைத்திருந்த குடும்பங்கள் இவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அதைவிட அவசரமான ஒன்று உண்டு. கூலிக்கு நெல் குத்திய பெண்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். ஒரு மரக்கால் நெல்லுக்கு என்ன கூலி, யார் வீட்டுக் கொல்லையில் குத்தினார்கள், எந்த ஆண்டில் மில் வந்து வேலை நின்றது, குத்தும்போது என்ன பாடினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். எந்தக் கல்வெட்டிலும் அது இல்லை. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எழுதியதை இந்த இதழுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.

(தொடரும்)